ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பத்தடி உயரத்தில் பார்க்க வேண்டுமா? முகூர்த்த நாளன்று மதுரைக்குத் தெற்கே எந்தப் பேருந்து நிறுத்தத்தில் வேண்டுமானாலும் இறங்குங்கள். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், கன்னத்தில் கை. பின்னால் ஒரு அருவி. கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள் ஒரு வரிசை, அவர்களுடைய நண்பர்கள் ஒரு வரிசை. பிள்ளையின் பெயர், அப்பா பெயர், ஊர், மண்டபம், நேரம் எல்லாம் இருக்கும். சேதி ஒன்றுதான்: இந்த வீட்டுக் குழந்தை பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

ஆண்பிள்ளையின் குழந்தைப் பருவம் எப்போது முடிகிறதென்று யாராலும் சொல்ல முடியாது. மீசை அரும்பும், குரல் உடையும், ஒருநாள் அப்பா வண்டிச் சாவியைக் கொடுப்பார்; எதற்கும் மேளம் கிடையாது. பெண்ணுக்கு மட்டும் நாள், கிழமை, நாழிகை வரை குறித்து வைக்கிறோம். அதை வைத்து ருது ஜாதகம் கணிக்கிற வீடுகள் இன்றும் உண்டு.

அப்புறம் நடப்பதெல்லாம் தெரிந்ததுதான். தாய்மாமன் தென்னங்கீற்றில் குச்சு கட்டுவார். தனித் தட்டு, தனிப் பாய். விடிந்ததும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், அதன்மேல் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. 9, 11, 16 என்று தீட்டு நாள் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். அடுக்குமாடி வீட்டில் குச்சுக்கு இடமில்லாததால் படுக்கையறைக் கதவில் ஒரு கீற்றைச் சாத்தி வைக்கிறார்கள். இத்தனை நாளும் அவள் காதில் விழுவது: ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே, சாமி ரூம் பக்கம் போகாதே, பையன்களோடு என்ன விளையாட்டு. ஏன் என்றால், "நீ இப்ப பெரிய மனுஷிடி."

வளர்கிற உடம்புக்கு ஊட்டமும் ஓய்வும் கிடைக்கிறது என்பார்கள் பாட்டிமார். தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் வரும்வரை பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு கிடையாது, சீர்தான் அவளுக்கு வந்த பங்கு என்றும் சொல்வார்கள். இருக்கட்டும்.

களி கிண்டிய கையோடு யாராவது அரைமணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்களா? முதல் இரண்டு வருஷம் மாதவிடாய் தப்பித் தப்பித்தான் வரும். 21 நாளிலும் வரலாம், 45 நாளும் ஆகலாம். இதைச் சொல்லாததால்தான் அடுத்த மாதம் வரவில்லையென்றதும் அவள் மிரள்கிறாள், அம்மா அதைவிட மிரள்கிறார். ரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் போனால் டாக்டரிடம் போக வேண்டும். நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இனி அவள் உடம்பு கருத்தரிக்கக் கூடியது. உறவுக்காரரே ஆனாலும் கை நீண்டால் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "பையன்களோடு பேசாதே" என்று மட்டும் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடம் இருக்கிறது. பலருக்கு ஆறாம் வகுப்பிலேயே ஆகிவிடுகிறதே! அவ்வளவு சீக்கிரம் ஆனால் வீட்டில் பழி பிராய்லர் கோழிக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் 16 வயதுக்கு மேல்தான் பல பெண்கள் வயசுக்கு வந்தார்கள். பிராய்லர் கோழி பிறப்பதற்கு முன்பே, சாப்பாடு தேறத் தேற அந்த வயது இறங்கத் தொடங்கிவிட்டது. எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், பதினைந்து முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலும் குழந்தை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

விழா நாளைக் குறிப்பது பஞ்சாங்கம் என்று நினைத்தால், மொய் நோட்டை நீங்கள் பார்த்ததில்லை. ஊரெல்லாம் செய்த மொய் திரும்பி வர வேண்டும், சிங்கப்பூர் மாமாவுக்கு லீவு கிடைக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் வயசுக்கு வந்தவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவில் சடங்கு சுற்றுவதும் நடக்கிறது. கூடப் படிக்கிற பையன்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க, பதினைந்து வயதுப் பெண் மாலையோடு மேடையில் நிற்கிறாள். வெட்கம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரிகிற வயது.

மொய்யைக்கூட மன்னித்துவிடலாம், பேனரில் போடுகிற அந்தப் படத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. முன்பு குழாய் ரேடியோ கட்டினால் மூன்று ஊருக்குப் பாட்டுக் கேட்கும். ஆனால் அதில் யார் முகமும் தெரியாது. இப்போது முகம், பெயர், ஊரோடு சேர்த்து, இவள் உடம்பில் இன்னது நடந்துவிட்டது என்று நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர் வரைக்கும் சொல்கிறோம். வழக்கமாக எந்த வீட்டில் ஒரு பெண்ணின் மாதவிடாயைப் பற்றி அந்நியரிடம் பேசுவார்கள்? பன்னிரண்டு வயதுக்காரியிடம் மட்டும் சம்மதம் கேட்கத் தோன்றுவதில்லை. பேனரையாவது மறுவாரம் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டிவிடுவார்கள். சித்தப்பா ஸ்டேட்டஸில் போட்ட வீடியோவை யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ, யார் கண்டது? கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், எந்த மாமா வந்து நிற்பார்?

படம் வேண்டவே வேண்டாம் என்றால் மாமன்மார் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பெயரும் பூவும் போட்ட பேனர் பார்த்தும் ஜனம் மண்டபத்துக்கு வழி கண்டுபிடித்துவிடும். முகம் போட்டே தீருவோம் என்கிறவர்கள், அச்சானதும் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி, கூடவே நின்று பார்த்துவிட்டு வரலாம். இரண்டு நிமிஷ வேலை.