வில்லியனூர் ஓர் ஆப்ஜெக்ட், பாகூர் இன்னொன்று

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறிய பின், 2025இல் முதல் அணி பிளஸ் டூ பொதுத்தேர்வை எழுதியது. இந்த மாற்றத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு ஒரு பாடம் கைநழுவிப் போயிருக்கிறது. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பிலேயே சி++ வழியாகப் பொருள்நோக்கு நிரலாக்கம் வந்துவிடும். கிளாஸ், ஆப்ஜெக்ட், மரபுரிமம், பல்லுருவாக்கம் எல்லாம் அதிலேயே உண்டு. சிபிஎஸ்இயில் இரண்டு ஆண்டும் பைத்தான்தான். ஃபங்ஷன், ஃபைல், ஸ்டாக், டேட்டாபேஸ் என்று பாடம் போகிறது. கிளாஸ் எழுதக் கற்றுத்தரும் பகுதி இல்லை.

ஆகவே வில்லியனூரிலோ பாகூரிலோ அரசுப் பள்ளியில் படித்துவிட்டு பி.டெக்., பி.சி.ஏ. சேர்கிறவர் கல்லூரிக்குப் போன பிறகுதான் கிளாஸைப் பார்க்கிறார். அதுவும் பெரும்பாலும் ஜாவா வகுப்பில், ‘பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்’ என்ற நீண்ட வரியோடு சேர்த்து. அர்த்தம் புரியாமல் அந்த வரியை மனப்பாடம் செய்யும்போதே பாடத்தின் மேல் பயம் வந்துவிடுகிறது. தெரிந்த பைத்தானிலேயே தொடங்கினால் இந்தப் பயத்துக்கு இடமில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். கொம்யூன் பஞ்சாயத்து என்றால் என்ன, அது என்னென்ன செய்யலாம் என்பதை 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே தடவை எழுதிவைத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இருப்பது கிளாஸ். அதன்படி நடக்கும் வில்லியனூரும் பாகூரும் இரண்டு ஆப்ஜெக்ட். சட்டம் ஒன்றுதான், ஆனால் பாகூர் வசூலித்த வீட்டு வரி வில்லியனூர் கணக்கில் ஏறாது. இதைப் பைத்தானில் எழுதினால்:

கிளாஸ் கொம்யூன்:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.வரி = 0
    டெஃப் வசூல்(செல்ஃப், தொகை):
        செல்ஃப்.வரி = செல்ஃப்.வரி + தொகை

பாகூர் = கொம்யூன்("பாகூர்")
வில்லியனூர் = கொம்யூன்("வில்லியனூர்")
பாகூர்.வசூல்(500)

கணினியில் அடிக்கும்போது கிளாஸ், டெஃப், இனிட் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். செல்ஃபையும் அப்படியே எழுதுவது வழக்கம். கொம்யூன், வரி, வசூல் போல நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். 2008இல் வந்த பைத்தான் 3 முதல் இதற்கு வழி இருக்கிறது.

இனிட் என்பது ஆப்ஜெக்ட் உருவாகும் கணத்தில் தானாக ஓடும் ஃபங்ஷன். அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். ஒன்று குறைந்தாலும் பைத்தான் அதைச் சாதாரண ஃபங்ஷனாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பாகூரை உருவாக்கப் போகும் வரியில்தான் எரர் வரும். எரர் காட்டும் வரி ஒன்று, தப்பு இருக்கும் வரி வேறொன்று. புதிதாகப் படிப்பவர் திணறுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

அடுத்து செல்ஃப். இதற்குக் கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது. ‘பாகூர்.வசூல்(500)’ என்று நாம் ஒரு மதிப்பைத்தான் கொடுக்கிறோம். பைத்தானோ புள்ளிக்கு முன்னால் நிற்கும் பாகூரையும் எடுத்து முதல் மதிப்பாக உள்ளே அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பெயர்தான் செல்ஃப். டெஃப் வரியின் அடைப்புக்குள் செல்ஃப் எழுதாமல் விட்டால், ‘ஒரு மதிப்பைத்தான் வாங்குவேன், இரண்டு வந்திருக்கிறது’ என்ற பொருளில் எரர் வரும். ஒன்றுதானே கொடுத்தோம் என்று மாணவர் விழிப்பார். இரண்டாவதாக வந்தது பாகூர். அதேபோல ஃபங்ஷனுக்குள் ‘வரி = வரி + தொகை’ என்று மட்டும் எழுதினால், எந்த கொம்யூனின் வரி என்று பைத்தானுக்குத் தெரியாது. ஃபங்ஷனுக்குள்ளேயே அந்தப் பெயரைத் தேடி, மதிப்பு இல்லை என்று நின்றுவிடும்.

உண்மையில் சிபிஎஸ்இ மாணவருக்கு இந்தப் புள்ளி புதிதல்ல. ஸ்டாக் பாடத்தில் பட்டியலின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து ‘அப்பெண்ட்’ என்று எழுதியவர்தானே? அந்தப் பட்டியலும் ஓர் ஆப்ஜெக்ட்தான். பிறர் எழுதிய கிளாஸை இரண்டு ஆண்டாகப் பயன்படுத்தியிருக்கிறார். தானே ஒன்றை எழுதத்தான் பாக்கி. ஆசிரியர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கிளாஸில் எழுதியதை இன்னொரு கிளாஸ் அப்படியே எடுத்துக்கொள்வது மரபுரிமம். அதன் இலக்கணம் ஒரே வரி. கொம்யூனுக்கும் நகராட்சிக்கும் பொதுவானவற்றை ‘உள்ளாட்சி’ என்ற கிளாஸில் எழுதிவிட்டு, ‘கிளாஸ் கொம்யூன்(உள்ளாட்சி):’ என்று தொடங்கினால் போதும்.

பொருள்நோக்கு நிரலாக்கம் என்ற இந்த முறை ஆஸ்லோவில் பிறந்தது. ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் என்ற இருவர் நிஜ உலகின் இயக்கங்களைக் கணினியில் நடத்திப் பார்க்க சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். கிளாஸும் ஆப்ஜெக்டும் அவர்களுடைய சிமுலா 67இல் வந்தன. 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. சி++, ஜாவா, பைத்தான் மூன்றும் அந்த வழியில் வந்தவையே.

பைத்தானில் கை பழகியவருக்கு ஜாவாவில் மாறுவது கொஞ்சம்தான். உள்தள்ளலுக்குப் பதில் நெளிவு அடைப்பு, வரி முடிவில் அரைப்புள்ளி, மாறியின் பெயருக்கு முன் அதன் வகை, ஆப்ஜெக்ட் உருவாக்க ‘நியூ’. செல்ஃப் செய்த வேலையை ‘திஸ்’ செய்யும், அதை அடைப்புக்குள் எழுதவும் வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல் அந்த நீண்ட மெயின் வரியும் சிறு நிரல்களுக்குக் கட்டாயமில்லை.

வீட்டில் கணினி இல்லையென்று நிற்க வேண்டாம். கூகுள் கோலாப் போனின் பிரவுசரிலேயே பைத்தானை ஓட்டும். நேரில் கற்க வேண்டுமென்றால், வில்லியனூரில் ரயிலேறினால் விழுப்புரம் பக்கம்தான். கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு அங்கே இருக்கிறது.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளை நேரே ஜாவாவில் இறக்காதீர்கள். அதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்கி, அவர்களுக்குத் தெரிந்த பைத்தானில் கிளாஸ் எழுதவையுங்கள்.