ஆறு நிமிடப் பாடம்

பி.எட். படித்தவர்கள் நுண்ணிலைக் கற்பித்தலை மறந்திருக்க மாட்டார்கள். உடன் படிக்கும் ஏழெட்டுப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க, ஒருவர் ஆசிரியராக முன்னே நிற்பார். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம்: மொத்தம் 36 நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு திறன்தான். கேள்வி கேட்பது ஒரு நாள், கரும்பலகையில் எழுதுவது இன்னொரு நாள்.

1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் குழுவினர் இந்த முறையை வளர்த்தெடுத்தபோது, அதில் வீடியோ கருவிக்கு முக்கிய இடம் இருந்தது. பயிற்சி பெறுபவர் தாம் நடத்திய பாடத்தைத் தாமே திரையில் பார்த்துத் திருத்திக்கொண்டார். 1970களில் இந்தியக் கல்வியியல் கல்லூரிகளுக்கு முறை வந்தது, கருவி வரவில்லை. வாங்கும் நிலையில் கல்லூரிகள் இல்லை. என்.சி.இ.ஆர்.டி.யும் பரோடா பல்கலைக்கழகமும் உருவாக்கிய இந்திய வடிவம் இதற்குச் சிக்கனமான வழி கண்டது. நிஜ மாணவருக்குப் பதில் சக பயிற்சி ஆசிரியர், கேமராவுக்குப் பதில் உற்றுநோக்கல் படிவம். பின்வரிசையில் அமர்ந்த தோழி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போட்டு எண்ணிச் சொல்வார். சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

அன்று ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பில் ‘கல்வித் தொழில்நுட்பம்’ என்ற பாடம் இருந்தது. ஸ்கின்னரின் படிப்படியான கற்றல், எபிடயாஸ்கோப், ஃபிளானல் பலகை, ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) எல்லாம் அதில் வரும். ஓ.எச்.பி.யைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்களில் பலர் அதன் சுவிட்சைத் தொட்டதில்லை. சுமார் 40 நாள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி சென்றபோது கையில் இருந்தவை சுருட்டிய சார்ட்டும் அட்டையில் செய்த மாடலும் சுருள் பலகையும்தான். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று காட்டக் காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து, ஒரே நேர்கோட்டில் பொருத்திக் காட்டுவார்கள். வகுப்பில் 50 பேர் இருந்தால் 50 பேரும் கிழித்துப் பார்க்கலாம். செலவு ஆளுக்கொரு தாள்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளால் பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாயிற்று. பள்ளி அனுபவத்துக்கு 20 வாரம் ஒதுக்கப்பட்டது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை விமர்சனப் பார்வையுடன் புரிந்துகொள்ளத் தனிப் பாடம் ஒன்றும் வந்தது. பள்ளிகளும் மாறின. 2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாயிற்று. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும், எந்தப் பயிற்சியும் பெறாத மூத்த ஆசிரியர்கள்கூடச் சில வாரங்களில் கைப்பேசியில் வகுப்பெடுக்கக் கற்றார்கள். பயிற்சி வகுப்புகள் ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை நெருக்கடி சாதித்தது.

இன்றைய பயிற்சி ஆசிரியர் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார். வடிவம் எப்படி நீண்டு சாய்ந்தாலும் கூட்டுத்தொகை அசையவில்லை. காகிதம் ஒரு முக்கோணத்தைத்தான் காட்டியது. திரை எண்ணற்ற முக்கோணங்களைக் காட்டுகிறது. பெரிய லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் இழுப்பது பெரும்பாலும் ஆசிரியரின் விரல். 50 பேரும் பார்க்கிறார்கள்.

சார்ட் போனதற்காக நான் அதிகம் வருந்தவில்லை. காசு கொடுத்து வரைந்து வாங்கிய சார்ட்டுகள் அன்றும் உண்டு. இன்று பதிவிறக்கி முதல் பக்கத்தில் மட்டும் பெயர் மாற்றிய பவர்பாயிண்ட் அந்த இடத்தில் இருக்கிறது. சோம்பலுக்கு எந்தக் கருவியும் ஒத்துழைக்கும். என் குறை வேறு. அன்று கல்லூரிக்கு எட்டாத வீடியோ கருவி இன்று ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரின் பையிலும் இருக்கிறது. அது படம் பிடிப்பவை மரம் நடும் விழா, கண்காட்சி, பள்ளிக்குச் சென்றதற்கான சான்று, மாணவர்களுக்கு அனுப்பும் பாடக் காணொளி. அந்தக் காணொளியும் பேச்சுத் தடுமாறினால் அழித்து மறுபடி எடுக்கப்படுகிறது. திருத்தவேண்டிய இடம் எதுவோ, அதுதான் முதலில் அழிகிறது.

தன் பாடத்தைத் தானே பார்ப்பது சங்கடமானது. கேள்வி கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிடும் அவசரம், சன்னலோர வரிசையின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாத கண், வாக்கியத்துக்கொரு ‘புரிஞ்சுதா?’ எல்லாம் அதில் தெரியும். தோழியின் படிவம் இவற்றைச் சொல்லாது; சொன்னாலும் நட்பு கருதி மென்மையாகச் சொல்லும். இரண்டாண்டுப் படிப்பிலும் நுண்ணிலைக் கற்பித்தல் பல கல்லூரிகளில் அதே படிவத்துடன், அதே நட்புடன் நடக்கிறது.

பள்ளி வகுப்பறையில் கேமரா வைப்பதென்றால் பிள்ளைகளின் முகம் பதிவாகும். தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதி வேண்டும். தயக்கம் நியாயமானது. நுண்ணிலைக் கற்பித்தலில் அமர்ந்திருப்பவர்களோ எல்லோரும் பட்டதாரிகள். அவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒரு கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்தால் போதும். 6 நிமிடப் பாடத்தைப் பார்த்துமுடிக்க 6 நிமிடம்தான். திருத்தித் திட்டமிட ஒதுக்கிய 12 நிமிடத்தில் அது அடங்கும்.