உங்களுக்குத் தெரியுமா? பிறகு வந்து சேர்ந்த இரண்டு சுரங்கள்

பீத்தோவனின் 29-ஆவது பியானோ சொனாட்டா ‘ஹாமர்கிளவியர்’. 1818-இல் எழுதி முடித்தபோது அவருக்குக் காது ஏறக்குறைய கேட்கவே இல்லை. முழுதும் வாசிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். மிக மெதுவாக நகரும் மூன்றாம் பகுதிக்கே பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

லண்டன் பதிப்புக்குப் பிரதி போய்ச் சேர்ந்த பின், 1819-இல் சீடர் ஃபெர்டினாண்ட் ரீஸுக்குப் பீத்தோவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: அந்தப் பகுதியின் தொடக்கத்தில் இரண்டு சுரங்களைச் சேர்க்கவும்! இத்தனை பெரிய படைப்புக்கு இரண்டே சுரமா? குருவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றே ரீஸ் நினைத்தாராம். சேர்த்துக் கேட்டதும் அசந்துபோனார். ஏறி வரும் அந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் பகுதி திடுதிப்பென்று தொடங்கியிருக்கும்.

வாசிக்கக் கடினமான இந்தச் சொனாட்டாவை 1836-இல் பாரிஸில் மேடையேற்றியவர் பியானோ கலைஞர் லிஸ்ட்.