திண்ணைக்கு இடம் உண்டா?

பனமலைக் குன்றின்மேல் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் ஆலயத்தைத் தரிசித்துவிட்டு மாணவர்களுடன் இறங்கினேன். உச்சி வெயில். பழைய ஓட்டு வீடொன்றின் திண்ணை எங்களுக்கு அடைக்கலம் தந்தது. பக்கத்துப் புது வீட்டுக்கு நெடிய மதிலும் இரும்புக் கதவும் இருந்தன, உட்கார இடமில்லை.

காற்றும் வெளிச்சமும் வேண்டும், தீ பரவலாகாது என்பதற்காகவே வீட்டைச் சுற்றி இடம் விடச் சொல்கிறது சட்டம். நியாயந்தான். தமிழ்நாட்டின் 2019-ஆம் வருஷத்து விதிகள், தெருவின் அகலத்துக்கேற்ப முன்புற இடைவெளியை வகுக்கின்றன. 'தொடர் கட்டடப் பகுதி'களில் வீடுகள் பக்கத்தில் ஒட்டி நிற்கலாம். ஆனால், முன்னே விட்ட இடத்தை நாம் என்ன செய்கிறோம்? மதிலெழுப்பி வண்டியை நிறுத்துகிறோம்!

அருகிலுள்ள புதுச்சேரியின் பழைய தமிழர் வீதிகளைப் பாருங்கள். வீட்டையொட்டித் திண்ணை, அதன் முன்னே மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், நடந்து செல்வோருக்கு நிழல். அங்கே வைசியாள் வீதி முகப்புகளைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளிலும் இது கூடாதா? முன்புற இடைவெளியில் திண்ணையும் நிழற்சாய்ப்பும் அமைக்க விதியே வழிகாட்டட்டும். மூட்டையுடன் வரும் கிழவி சற்று இளைப்பாறுவாள். பள்ளிப் பிள்ளைகள் வெயிலுக்கும் வண்டிக்கும் அஞ்சாமல் நடப்பார்கள். வழிப்போக்கருக்கு இடம் வைத்து வீடு கட்டியவர்கள் நம் முன்னோர். அந்தத் தாராளம் நமக்கும் வேண்டும்.