வாழையடி வாழையும் இயற்கைத் தேர்வும்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்துக் காட்டிய பெருமை தொல்காப்பியர்க்கு உண்டு. அப்பகுப்பையே பரிணாமக் கொள்கையின் முன்னோடி என மேடைகளில் முழங்குவோரும் உளர். அது மிகைக்கூற்று. தொல்காப்பியம் செய்தது வகைப்படுத்தல்; ஓர் உயிரினம் காலப்போக்கில் எவ்வாறு வேறொன்றாகிறது என்னும் வினா அங்கு எழவில்லை. அவ்வினாவிற்குச் சான்றுகளோடு விடை கண்டோர் சார்லஸ் டார்வினும் ஆல்பிரட் ரசல் வாலசும் ஆவர். இருவர்தம் கட்டுரைகளும் 1858இல் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பெற்றன. மறு ஆண்டே டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்பதே அவர் கொள்கை என்று சுருக்கிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். இரண்டிற்கும் தொன்மையான பொது மூதாதை ஒன்று இருந்தது என்பதே அவர் கூற்று.

இயற்கைத் தேர்வு என்பது யாது? ஓரினத்து உயிர்கள் அனைத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றிடையே உள்ள வேறுபாடுகளுட் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. பிறப்பவை பல, வளர்ந்து இனம் பெருக்குபவை சில. சூழலுக்கு இயைந்த வேறுபாட்டை உடையவை மிகுதியான வழித்தோன்றல்களை விட்டுச் செல்கின்றன. இவ்வாறு தலைமுறை தோறும் நிகழ, அவ்வேறுபாடு இனம் முழுவதும் பரவுகிறது. இங்கே தேர்ந்தெடுப்பார் என ஒருவர் அமர்ந்திருக்கவில்லை. பிழைத்தலும் மடிதலுமே சல்லடை.

கொசுவை எடுத்துக்கொள்வோம். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்று, நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965 அளவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தது. ஆயின் 1976இல் அது 64 இலட்சத்தைத் தாண்டியது. திட்டத்தில் நேர்ந்த தளர்ச்சி உள்ளிட்ட காரணங்கள் பல. மருந்தைத் தாங்கும் கொசுக்கள் பெருகியது அவற்றுள் ஒன்று. மருந்து பட்டதும் கொசு தன்னை மாற்றிக்கொண்டது எனக் கருதுதல் பிழை. தாங்கும் இயல்புடைய சில கொசுக்கள் மருந்துக்கு முன்னரே இருந்தன. மற்றவை மடிந்தன, இவை பெருகின. மருந்து மாற்றத்தைப் படைக்கவில்லை, இருந்த வேறுபாட்டைச் சலித்தது.

வேறுபாடே இல்லாதவிடத்து யாது நிகழும்? அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் சிறுமலையும், மேற்கே நீளும் கீழ்ப்பழனி மலையுமே சான்று.

மலைவாழையின் சுவையையும் மணத்தையும் இம்மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டா. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உரிய பழம் அது. விருப்பாட்சி மலைவாழையும் சிறுமலை மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 18,000 எக்டேரில் செழித்திருந்த இவ்வாழை, முடிக்கொத்து நோயால் 2,000 எக்டேர் அளவிற்குச் சுருங்கியது. நோய்க்குக் காரணம் ஒரு நச்சுயிரி. அதனை மரத்திற்கு மரம் கொண்டு செல்வது வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி. இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தொடக்கத்திலேயே தாக்கப்பட்ட மரம் குலை தள்ளாது.

இத்துணைப் பெரிய அழிவு ஏன்? காட்டு வாழையின் பழத்தில் விதைகள் நிறைந்திருக்கும். நம் முன்னோர் விதையற்ற சதைப்பற்றுள்ள பழங்களையே தேர்ந்து பயிரிட்டனர். இது மனிதன் செய்த தேர்வு. மலைவாழையின் உயிரணுவில் நிறப்புரித் தொகுதிகள் இரண்டல்ல, மூன்று. ஆகலின் அது விதை தருவதில்லை. பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டே பெருக்குகிறோம். கன்று தாயின் மறுபடிவம். 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோமே, அவ்வாழ்த்து உயிரியல் நோக்கில் உண்மையே. ஆயின் அஃது அச்சத்திற்கும் உரியது. எப்போதாவது ஒரு திடீர் மாற்றம் தோன்றலாம். அது நீங்கலாக, மலைச்சரிவு முழுவதும் நிற்பவை ஒரே மரம் எனல் தகும். ஒன்றைத் தாக்கவல்ல நோய் அனைத்தையும் தாக்கும். சலிப்பதற்கு வேறுபாடு இன்மையின் சல்லடைக்கு அங்கு வேலையில்லை. போதாக்குறைக்கு, நோயுற்ற தாயிடமிருந்து எடுத்த கன்று நோயையும் உடன் கொண்டு சென்றது. நோயைப் பரப்பியதில் அசுவினிக்கு மட்டுமன்றி நம் கைகளுக்கும் பங்குண்டு.

உலகளவிலும் இதே கதைதான். மேலைநாட்டுச் சந்தைகளை ஆண்ட 'குரோ மிசெல்' வாழையைப் பனாமா வாடல் நோய் வீழ்த்தியது. 1960களுக்குள் அதனிடத்தைக் 'கேவண்டிஷ்' பிடித்தது. இப்போது அதே நோயின் மற்றொரு வகை கேவண்டிஷையும் அச்சுறுத்துகிறது.

மலைவாழையை மீட்கும் முயற்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கீழ்ப்பழனி மலையில் அமைந்த அதன் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் ஈடுபட்டுள்ளன. நச்சுயிரி இல்லை எனச் சோதித்தறிந்த திசுவிலிருந்து கன்றுகள் வளர்த்து வழங்கப்படுகின்றன. இது நற்பணியே. ஆயினும் திசு வளர்ப்புக் கன்று நோயற்றதேயன்றி நோயை எதிர்ப்பதன்று. அதுவும் பழைய மரத்தின் மறுபடிவமே. அண்டைத் தோட்டத்தில் நோயுற்ற மரம் ஒன்று நிற்குமாயின், அசுவினி வழியே நோய் மீண்டும் வந்தடையும். எனவே நோய்க்குறி கண்ட மரத்தை, அசுவினியை முதலில் மருந்தால் அழித்துவிட்டு, கிழங்கோடு தோண்டி அழிக்குமாறு உழவர்க்கு அறிவுறுத்துகின்றனர். அம்மரத்தின் பக்கக்கன்றுகள் பசுமையாகத் தோன்றினும் அவற்றையும் விட்டுவைத்தல் ஆகாது.