சுமை ஏறினால் வில் என்ன செய்யும்?

காலையில் தேக்காச் சந்தைப் பக்கம் போனால் ஒரு காட்சியைக் கவனியுங்கள். பஃபலோ ரோட்டில் வெங்காய மூட்டைகளுடன் ஒரு லாரி வந்து நிற்கும். அதன் பின்சக்கரத்துக்கும் மேலே இருக்கும் தட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, லாரியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும். யாரும் ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை. அடியில் இருக்கும் வில் பாரம் குறைந்து நிமிர்கிறது, அவ்வளவுதான்.

சக்கரங்களையும் வண்டியின் உடலையும் இணைக்கும் இந்த அமைப்புக்குச் சஸ்பென்ஷன் என்று பெயர். தார்ச்சாலையில் ஓடும் லாரிக்கே இது இவ்வளவு முக்கியம் என்றால், காடு மலை தாண்டிப் பல நாள் பயணம் போகும் வண்டிக்கு?

லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை

1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளையர்கள் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் சிங்கப்பூர். ஐரோப்பா, மத்திய கிழக்கு, இந்தியா எனக் கடந்து, இரண்டாம் உலகப் போரின்போது அசாமிலிருந்து பர்மாவுக்குள் போடப்பட்ட லெடோ சாலை வழியாக வந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் பின்னர் இந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார்.

ஆறு மாதப் பயணத்துக்கு வேண்டிய உணவு, தண்ணீர், எரிபொருள், கூடாரம், உதிரிப் பாகங்கள் எல்லாம் அந்த இரண்டு சிறிய வண்டிகளில்தான். அவற்றின் நான்கு சக்கரங்களுக்கும் லீஃப் ஸ்பிரிங் என்னும் பட்டைவில்தான் இருந்தது. வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதுதான் பட்டைவில். இன்றும் பல லாரிகளின் அடியில் குனிந்து பார்த்தால் அதைக் காணலாம்.

ஹூக் சொன்ன விதி

வில் எவ்வளவு அமுங்கும் என்பதை 1678ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஹூக் விளக்கிவிட்டார். விசை இரட்டிப்பானால் அமுக்கமும் இரட்டிப்பாகும். அமுக்கத்தை விறைப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்பதே வில்லின் விறைப்பு.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு காரின் பின்பக்க வில்கள் இரண்டும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் விறைப்பு உடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 300 கிலோ சாமான் ஏற்றுகிறோம். அது பெரிய சுமை இல்லை. 80 லிட்டர் தண்ணீர் மட்டுமே 80 கிலோ ஆகிவிடும். 300 கிலோவின் எடை ஏறத்தாழ 3,000 நியூட்டன். அதை 60ஆல் வகுத்தால் 50. கார் 50 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும்.

சாமான் இல்லாதபோது, வில் மேலும் அமுங்க 90 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்றால், இப்போது மிச்சம் 40தான். அந்த 40ஐயும் கடக்க 2,400 நியூட்டன் போதும். பெரிய பள்ளம் ஒன்று வந்தால், வில் முழுவதும் அமுங்கி, ரப்பர்த் தடுப்பில் ‘டங்’ என்று இடிக்கும். அந்த இடி நேராக அச்சுக்கும் சட்டத்துக்கும் போகும். மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் அச்சு உடைந்தால் என்ன செய்வது? இன்னொரு தொல்லையும் உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்குகள் மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இப்போது விறைப்பு 100 நியூட்டன் உள்ள வில்களைப் பொருத்துவோம். அதே சுமைக்கு 30 மில்லிமீட்டர்தான் தாழும். மிச்சம் 60. அதைக் கடக்க 6,000 நியூட்டன் வேண்டும். தடுப்பில் இடிப்பதற்கு முன் இரண்டரை மடங்கு விசையைத் தாங்க இடம் கிடைத்துவிட்டது.

பிறகு ஏன் எல்லாக் கார்களுக்கும் விறைப்பான வில்லையே போடுவதில்லை? சாமானை இறக்கிய பிறகு காரை ஓட்டிப் பார்த்தால் தெரியும். வில்கள் தாங்கும் பின்பக்கப் பொருண்மை 600 கிலோ என்றால், பழைய வில்லில் அது நொடிக்கு 1.6 முறை ஆடும். புதிய வில்லில் 2 முறைக்கு மேல் ஆடும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு குழியும் உதறலாகத் தெரியும். சக்கரமும் தரையைவிட்டு எளிதில் துள்ளும். எப்போதும் பாரம் சுமக்கும் வண்டிக்குப் பொருந்தும் வில், வார இறுதியில் மட்டும் பாரம் ஏற்றும் வண்டிக்குப் பொருந்தாது.

வில் மட்டும் போதுமா?

போதாது. வில் ஆற்றலைச் சேமித்து வைக்கும், அதை விழுங்காது. அமுங்கிய வில் திரும்ப எழும், மறுபடி அமுங்கும், ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் நிறைந்த உருளையும், சிறு துளைகள் கொண்ட பிஸ்டனும் இருக்கும். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

வில்லின் விறைப்பும் பொருண்மையும் கூடினால், அடக்கும் திறனும் கூட வேண்டும். நம் உதாரணத்தில், சாமானுடன் 900 கிலோவும் புதிய வில்லும் சேர்ந்தால், முன்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அடக்கும் திறன் தேவை. பழைய ஷாக் அப்சார்பரையே வைத்திருந்தால், கார் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் படகு போல ஆடும்.

அலை அலையாகக் கிடக்கும் செம்மண் சாலையில் பல மணி நேரம் ஓடினால் இந்தப் பாகம் கடுமையாகச் சூடேறும். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், நுரைக்கவும் செய்யும். அடக்கும் திறன் குறைந்துவிடும். அதனால்தான் நெடும்பயண வண்டிகளுக்கு அதிக எண்ணெய் கொள்ளும் பருத்த ஷாக் அப்சார்பர்களைப் பொருத்துகிறார்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்

பள்ளியில் படித்த நெம்புகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பின்அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிடுகிறோம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர். பின்அச்சு மீது விழும் கூடுதல் பாரம் 100 கிலோ அல்ல, ஏறத்தாழ 136 கிலோ! முன்அச்சிலிருந்து 36 கிலோ குறைந்துவிடும். முன்சக்கரங்களின் பிடிமானம் குறைந்தால் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். கூரைமேல் பாரம் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவில் வண்டி சாயும். எனவே கனமானவற்றை இரு அச்சுகளுக்கும் இடையே, தாழ்வாக வைக்க வேண்டும். செலவில்லாத மேம்பாடு இதுதான்.

காற்றே வில்லானால்?

பாரத்துக்கு ஏற்ப விறைப்பை மாற்ற முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதைச் செய்யும் வண்டியில் நீங்கள் தினமும் பயணம் செய்கிறீர்கள். நம் பொதுப் பேருந்துகள் காற்றடைத்த பைகளின்மேல் நிற்கின்றன. பயணிகள் ஏற ஏறக் காற்றழுத்தம் கூட்டப்படுவதால் பேருந்து அதே உயரத்தில் நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்காகக் காற்றைக் குறைத்துப் பேருந்து ஒரு பக்கம் தாழ்வதையும் பார்த்திருப்பீர்கள். எம்ஆர்டி ரயில் பெட்டிகளின் அடியிலும் காற்றுப் பைகள் உண்டு. ஆனால் காட்டுப் பாதையில் கூரான கல் பட்டு பை கிழிந்தால் சிக்கல். அதனால் தொலைதூரக் காட்டுப் பயணத்துக்கு எஃகு வில்லை நம்புவோர் இன்றும் பலர்.

மறக்கக்கூடாத எல்லை

லாரிகளின் பக்கவாட்டில் ‘எம்எல்டபிள்யூ’ என்ற எழுத்துகளையும் ஓர் எண்ணையும் பார்த்திருக்கலாம். சுமையோடு சேர்த்து அந்த வண்டி இருக்கக்கூடிய மிக அதிக எடை அது. வலுவான வில் போட்டுவிட்டதால் அந்த எல்லை தானாக உயராது. ஏனென்றால் பிரேக், டயர், அச்சு, சட்டம் எல்லாம் பழையவைதான். பாரத்தோடு நிமிர்ந்து நிற்கும் வண்டி பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் பிரேக் அடித்தால்தான் உண்மை தெரியும். வண்டியில் மாற்றம் செய்யுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்ப்பதும் அதனால்தான் அவசியம்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி அறிவியல் கூடத்தில் ஒரு சுருள்வில்லைத் தொங்கவிட்டு, 100, 200, 300 கிராம் எடைகளை மாட்டி நீட்சியை அளந்து வரைபடம் வரையுங்கள். நேர்க்கோடு வருகிறதா? பிறகு எடையை இழுத்துவிட்டு, 10 நொடியில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். கடைசியாக, எடை ஒரு குவளைத் தண்ணீருக்குள் ஆடும்படி செய்யுங்கள். ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது! அந்தத் தண்ணீர்தான் உங்கள் ஷாக் அப்சார்பர்.

1955இல் புறப்பட்ட அந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பின்னர் மீட்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, டிசம்பரில் லண்டனை அடைந்தது. ஸ்லெஸ்ஸருக்கு உடல்நலம் சரியில்லாததால் அவருடைய பேரன் அந்தப் பயணத்தில் கலந்துகொண்டார். 60 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், வண்டியைத் தாங்கி வந்தது அதே பட்டைவில் தத்துவம்தான்.