தலையாட்டினா சம்மதம்னு அர்த்தமா?



குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாசிக்கிறோம். "எல்லாருக்கும் சம்மதமா?" என்று ஊக்குநர் கேட்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். உடனே தீர்மான நோட்டில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதி, கையெழுத்தும் ரேகையும் வாங்கிவிடுகிறோம். வேம்பார் முதல் பெரியதாழை வரை நாங்கள் போகிற அநேகக் கூட்டங்களில் இதுதான் நடக்கிறது. இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரை அப்படித்தான் நினைத்தோம்.

வாசல் பக்கம் உட்கார்ந்த தங்கச்சி

ஒரு மீனவக் கிராமம். குழு நல்ல குழு. சேமிப்பு, உள்கடன், நோட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓர் உறுப்பினர் ஊரை விட்டுப் போனதால், கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த ஒரு தங்கச்சியைச் சேர்த்தார்கள். கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். சந்தா கட்டுவார். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது 10,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார்.

பிப்ரவரி மாதக் கூட்டத்தில் குழு ஒரு தீர்மானம் போட்டது. மாதம் 5-ம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும், தவறினால் 50 ரூபாய் அபராதம். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தங்கச்சியும் ஆட்டினார்.

ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அவருடைய வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மே மாதத் தவணையைப் பத்து வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். ஜூன் மாதம் அதற்கும் வழியில்லை. கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "ஆள் சரியில்ல, நீக்கிரலாம்" என்று குழுவில் பேச்சு வந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "கட்ட முடியாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அக்கா. எல்லாரும் சரின்னு சொன்னாக. புதுசா வந்தவ நான் மட்டும் எப்படி முடியாதுன்னு சொல்லுதது?" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. அந்தப் பிப்ரவரி கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். "ஏகமனதாக" என்ற வார்த்தையைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டோம். பழைய உறுப்பினர்கள் நாலு பேருக்கும் அதே கஷ்டம் இருந்தது தெரிந்தது. ஒருவர் கம்மலை அடகு வைத்துத் தவணை கட்டியிருந்தார். தீர்மானத்தை மாற்றினார்கள். தடைக்காலத்தில் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசல் ஜூலையில் இருந்து. உள்கடனுக்குக் குழுவே இப்படி முடிவு செய்துகொள்ளலாம். வங்கிக் கடன் என்றால் தடைக்காலம் தொடங்கும் முன்பே மேலாளரிடம் போய்ப் பேச வேண்டும்.

கயிறு பிடித்தவர்

நம் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். அந்தக் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குளிக்கிறவர் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போவார். வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருந்து கயிறு அசைந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், கூடப்பிறந்தவள் தாலிக்காகக் கண்ணும் கருத்துமாக இருப்பான் என்பார்கள்.

தண்ணீருக்குள் போனவரால் சத்தம் போட முடியாது. மேலே இருக்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். குழுவுக்குப் புதிதாக வருகிறவர் நிலைமையும் இதுதான். "அவ வாயைத் திறந்து சொல்லலியே" என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

குழு என்ன செய்யலாம்?

1. புதியவருக்கு முதல் மூன்று மாதம் கயிறு பிடிக்க ஓர் அக்காவை வையுங்கள். ஊக்குநர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் நல்லது. பாஸ்புத்தகம் எப்படிப் பார்ப்பது, வட்டி எப்படிப் போடுகிறோம், நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

2. "சம்மதமா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். பெயர் சொல்லி, "உங்க வீட்டுக்கு இது ஒத்துவருமா?" என்று கேளுங்கள். 12 முதல் 20 பேர் உள்ள குழுவில் இதற்குக் கால் மணி நேரம் போதும். புதியவரை முதல் ஆளாகக் கேட்டால் பயந்துவிடுவார். பழைய உறுப்பினர் ஒருவர் தன் கஷ்டத்தை மனம்விட்டுச் சொன்ன பிறகு கேளுங்கள்.

3. பணம் சம்பந்தப்பட்ட தீர்மானத்தை ஒரு கூட்டத்தில் வாசியுங்கள், அடுத்த கூட்டத்தில் முடிவெடுங்கள். வீட்டில் யோசித்துவிட்டு வர நேரம் கிடைக்கும்.

4. ஒருவர் ஒரு குறை சொன்னால் நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அவர் மறுபடி பேசமாட்டார்.

5. "புதுசா வந்தவளுக்கு என்ன தெரியும்?" என்ற பேச்சு கூட்டத்தில் வரவே கூடாது.

6. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர், ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவர், இவர்களுக்கு ஒத்துவருகிற நேரமா என்று பார்த்துக் கூட்டம் போடுங்கள்.

இப்போது பல குழுக்களில் வாட்ஸ்அப் இருக்கிறது. தகவல் சொல்ல அது நல்லது, முடிவெடுக்க வேண்டாம். சில வீடுகளில் போன் வீட்டுக்காரர் கையில் இருக்கும். அதில் மனதில் உள்ளதை எப்படிச் சொல்வார்?

புதிதாகச் சேர்ந்த சகோதரிக்கு

மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம். மூன்று வாக்கியம் போதும். "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க." "எங்க வீட்டுல இதுல ஒரு கஷ்டம் இருக்கு." "யோசிச்சு அடுத்த கூட்டத்துல சொல்லுதேன்." இந்த மூன்றும் உங்கள் உரிமை. சேமிப்புப் பணம் உங்களுடையதும்தான்.

படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். மதுரைப் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி. களஞ்சியம் குழுக்களில் பேசிப் பழகித் தலைமைக்கு வந்தார். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

குழுவில் பேசிப் பழகியவர் கிராமசபையிலும் எழுந்து நிற்பார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராமசபை. தண்ணீர், ரோடு, தெருவிளக்கு எல்லாம் அங்கேதான் பேச வேண்டும்.

அந்தத் தங்கச்சி இப்போதும் குழுவில் இருக்கிறார். போன மாதம் நாங்கள் போனபோது எல்லாருக்கும் முன்னால் எங்களைப் பார்த்து, "போன தடவை கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியே அக்கா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். காத்திருக்கிறோம்.